நிற்கிற வண்டிக்கும் கரண்ட் வேண்டும்

“...சொல்லாமலே ஊத்தி அனுப்பியிருக்கலாமே மிஸி, எங்களுக்கு என்னா தெரியவா போவுது? எதுக்குச் சொன்னீங்க?”

கொஸ்லந்தைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், தாய்மார் மலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளைமடுவத்து வாசலில் நின்று பாக்கியம் கேட்டது இது. பாக்கியம் கொழுந்தெடுக்கிறவள். இடுப்பில் கைக்குழந்தை, தலையில் இன்னும் அவிழ்க்காத கூடைக் கயிறு. கேட்டது எங்கள் நர்ஸிடம். பக்கத்தில் நான் நின்றேன். எனக்குப் பக்கத்தில் எங்கள் செயலாளர் நின்றார். அவள் எங்களை ஏசுகிறாளா, இல்லை வேறு எதையோ கேட்கிறாளா என்று அந்த நிமிஷத்தில் எனக்கு விளங்கவில்லை.

அது விளங்கிய கதையைப் பிறகு சொல்கிறேன். முதலில் நாங்கள் அங்கே அப்படி ஏன் நிற்க வேண்டி வந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

நடமாடும் வைத்திய வண்டிகளில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கச்சிமாருக்கு ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். வண்டி ஓட்டுவதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. அதை ஹப்புத்தளை வளைவுகளே உங்களுக்குச் சொல்லித் தரும். வண்டி ஓடாமல் நிற்கும்போது என்ன நடக்கிறது என்பதைப் பற்றித்தான் எழுதுகிறேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது. வயதான மனிதன் கொஞ்சம் சத்தம் போடுகிறான் என்று நினைத்துக்கொண்டு வாசியுங்கள்.

எங்களுடையது கேரவன். சக்கரம் வைத்த வீடு. ஜீப்பின் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு போவோம். எழுபதுகளின் கடைசியில், பதுளையில் நாங்கள் வேலை செய்த மிஷனுக்கு யாரோ வெளிநாட்டார் தானமாகக் கொடுத்தது. அவர்கள் ஊரில் குடும்பத்தோடு விடுமுறை போகச் செய்த வண்டி. கட்டிலைக் கழற்றிவிட்டு மருந்து அலுமாரி வைத்தோம். தொழிலாளர் குடியிருக்கும் லயங்களின் பிள்ளைகள் அதற்கு ‘ஆஸ்பத்திரி வீடு’ என்று பெயர் வைத்தார்கள். மிஷன் பெயரைப் பெரிய எழுத்தில் பக்கவாட்டில் எழுதியிருந்தார்கள். அந்தப் பெயரை ஒருவரும் சொல்லி நான் கேட்டதில்லை.

அதற்குள் ஒரு சின்ன பிரிட்ஜ். வீட்டுப் பிரிட்ஜ் மாதிரி மோட்டார் கிடையாது. அடியில் சூடு கொடுத்தால் மேலே குளிரும். அந்தச் சூட்டைக் காஸ் நெருப்பாலும் கொடுக்கலாம், கரண்டாலும் கொடுக்கலாம், பேட்டரியாலும் கொடுக்கலாம். எங்கள் காவல்காரர் முதல் தடவை அதைப் பார்த்துவிட்டு, “அடுப்ப மூட்டுனா ஐஸ் கட்டுது. எங்க வீட்டுக்காரி அடுப்ப மூட்டுனா எனக்கு வேர்வதான் கட்டுது” என்றார். இப்படிப் பேசுகிறவர்களை எனக்கு மிகவும் பிடிக்கும். நான் பள்ளிக்கூடத்தில் படித்தது கொஞ்சம். மிச்சமெல்லாம் கராஜில் கையைச் சுட்டுக்கொண்டும் ஆட்கள் வாயைப் பார்த்துக்கொண்டும் படித்தது.

அந்தப் பிரிட்ஜுக்கு மூன்று வழி இருந்தாலும் உண்மையில் நிற்கும்போது ஒரு வழிதான். காஸ் சிலிண்டர் கொழும்பிலிருந்து வரவேண்டும், வந்தால்தான் வந்தது. அதைப் பயணத்துக்கென்று பொத்திப் பொத்தி வைத்திருப்போம். பேட்டரி, ஜீப் இஞ்சின் ஓடும்போது மட்டும்தான் தாங்கும். இஞ்சின் நின்றால் கொஞ்ச நேரத்தில் பேட்டரியை உறிஞ்சி எடுத்துவிடும். ஆகவே ஒரு பயணத்துக்கும் அடுத்த பயணத்துக்கும் நடுவே வண்டி நிற்கிற நாட்களில், யாராவது ஒருவர் தயவு பண்ணி ஒரு பிளக் கொடுக்க வேண்டும்.

அந்தத் தயவு இருக்கிறதே! ஒரு தோட்டத்தில் வண்டியை இரண்டு நாள் நிறுத்த வேண்டி வந்தது. தேயிலை ஸ்டோர் என்று சொல்லும் தொழிற்சாலையின் சுவரோரம் நிறுத்தி, அதன் பொறுப்பாளரான டீமேக்கரிடம் கரண்ட் லைன் கேட்டேன். வண்டியைச் சுற்றி ஒரு தடவை நடந்து பார்த்தார். “ஓடாத வண்டிக்கு எதுக்குங்க கரண்ட்?” என்றார். மருந்து என்றேன். “மருந்துதானே, அது பாட்டுக்கு இருக்கட்டும்” என்றார். அவர் தலைக்கு மேலே, ஸ்டோரிலிருந்து ஒரு வயர் புறப்பட்டு, லயங்களின் கூரைகளைத் தாண்டி, தோட்டத்தை நடத்தும் துரையின் பங்களாவுக்குப் போகிறது. நடுவில் ஒரு லயத்துக்கும் அது இறங்கவில்லை. அந்தக் காலத்தில் லயத்தில் குப்பி விளக்குத்தான். பங்களாவில் நாய்க்குக் கூட வாசலில் ஒரு பல்ப் எரியும். லயத்துப் பிள்ளையின் மருந்துக்கு ஒரு பிளக் கேட்டால், கிணற்றையே கேட்ட மாதிரி பார்ப்பார்கள். கடைசியில் கொடுத்தார். கொடுத்துவிட்டு, தேயிலை அரைப்பு முடிந்ததும் கரண்ட் தரும் இஞ்சினை நிறுத்திவிட்டுப் போய்விட்டார். நல்ல வேளை, அந்தத் தடவை சிலிண்டர் இருந்தது.

இது அந்த மனிதர் ஒருவருடைய குணம் என்று விட்டுவிடாதீர்கள். வண்டி ஓடினால் வேலை, நின்றால் ஓய்வு என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நம்முடைய வண்டிக்கு அது நேர் எதிர். ஓடும்போது அது வெறும் வண்டி. நிற்கும்போதுதான் அது ஆஸ்பத்திரி. இதை வெளியாருக்கு விளங்கப்படுத்த முடியாவிட்டால் போகட்டும். சொந்த வீட்டுக்காரனுக்கே விளங்காவிட்டால்?

அதுதான் அந்தச் சனிக்கிழமைக் கதை.

பதுளையில் மிஷன் முற்றத்தில் வண்டி நின்றது. அலுவலக ஜன்னல் வழியாக ஒரு வயர் போட்டு பிளக் கொடுத்திருந்தேன். பிரிட்ஜில் போலியோ சொட்டு மருந்து இருந்தது. கொஸ்லந்தைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கென்று வாங்கி வைத்தது. அந்த மருந்து சூட்டுக்கு மிகவும் பயந்தது. பால் கெட்டால் திரியும். மீன் கெட்டால் நாறும். இந்த மருந்து கெட்டால் வெளியில் ஒரு அடையாளமும் தெரியாது. அதே நிறம், அதே போத்தல், அதே லேபல்.

வெள்ளிக்கிழமை எனக்கு லீவு. பண்டாரவளையில் என் தங்கச்சி வீட்டில் ஒரு விசேஷம். அன்றைக்குப் பின்னேரம் கேரவனைத் தானம் செய்த வெளிநாட்டுத் தம்பதி வந்தார்கள். வரவேற்பு. மிஷன் செயலாளர் கேரவனுக்கு மாலை போட்டார். மாலை போட்டால் போதுமா? கூரை ஓரமெல்லாம் கலர் பல்ப் கட்டினார்கள். கல்யாண வீட்டு வாசல் மாதிரி ஜொலித்ததாம். அந்தப் பல்புகளுக்குக் கரண்ட் எங்கிருந்து? ஜன்னலில் இருந்தது ஒரே ஒரு பிளக். பிரிட்ஜ் வயரைப் பிடுங்கிவிட்டு, பல்ப் வயரைச் சொருகினார்கள்.

காவல்காரர் தடுத்திருக்கிறார். செயலாளர் படித்த மனிதர் அல்லவா, அவரிடம் பதில் இருந்தது. “இதுக்கு பேட்டரியும் உண்டு” என்று சொல்லி, உள்ளே போய் பிரிட்ஜின் குமிழைத் தானே பேட்டரிக்குத் திருப்பியிருக்கிறார். திருப்பியவர் திருப்பியபடியே போய்விட்டார். கூட்டம் கலைந்ததும் காவல்காரர் பல்ப் வயரைக் கழற்றிவிட்டு பழைய வயரைச் சொருகியிருக்கிறார். கேரவனுக்குள் விளக்கு எரிந்தது. சரி என்று நினைத்து அவர் படுத்துவிட்டார். அவர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. குமிழ் இன்னும் பேட்டரியில் நிற்பது அவருக்கு எப்படித் தெரியும்? பேட்டரி செத்துக் கிடந்தது. எங்கள் சின்னச் சார்ஜர் அதற்கு மூச்சு கொடுக்கத்தான் காணும், பிரிட்ஜுக்கு எங்கே காணும்?

இந்த இடத்தில் ஒன்று சொல்லி வைக்கிறேன். பல்ப் எரிகிறது என்று பார்த்துவிட்டுப் போகாதீர்கள். கதவைத் திறந்து கையை உள்ளே விடுங்கள். நான் சனிக்கிழமை காலையில் கையை விட்டேன். ஐஸ் தட்டில் வெறும் தண்ணீர். அதுவும் வெதுவெதுப்பு.

நர்ஸைக் கூப்பிட்டேன். எல்லோருக்கும் அவர் மிஸி. என்னைவிட வயதில் மிகவும் சின்னவர், அதிகம் பேசாதவர். தெர்மாமீட்டரைப் பார்த்தார். கதவைச் சாத்தினார்.

“இது இனி ஆகாது அண்ணே.”

அன்று சனிக்கிழமை. புது மருந்து வாங்கும் அலுவலகம் திங்கள்தான் திறக்கும். செயலாளர் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். சொன்னோம்.

“கொஞ்சம் சூடானா என்ன? ஐஸ் போட்டா திரும்பக் குளிருந்தானே?”

“குளிரும் சேர். மருந்து திரும்பாது.”

“நிச்சயமாக் கெட்டுப்போச்சுன்னு உனக்குத் தெரியுமா?”

“தெரியாது சேர்” என்றார் மிஸி. “கெட்டுச்சா, இருக்கான்னு ஒருத்தருக்கும் தெரியாது. தெரியாதத ஒரு புள்ள வாயில ஊத்த மாட்டேன்.”

செயலாளர் அந்த நேரம் சொன்ன ஒரு வார்த்தையை நான் இன்னும் மறக்கவில்லை. குரலைத் தாழ்த்திச் சொன்னார். “தோட்டத்து ஆக்கள்தானே மிஸி. ஒண்ணும் இல்லாததுக்கு இது மேல்.”

மேல்! இதைவிடக் கீழானது ஒன்றும் இல்லை, தம்பிமாரே. ஒன்றும் ஊற்றாவிட்டால் தாய் காத்திருப்பாள், அடுத்த தடவை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருவாள். செத்த மருந்தை ஊற்றினால், ஊற்றியாயிற்று என்று நிம்மதியாக வீட்டுக்குப் போவாள். திரும்ப வரமாட்டாள். பிள்ளைக்குக் கால் விழுகிற அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரியவரும். அப்போதும் மருந்தைக் குற்றம் சொல்ல மாட்டாள், தன் தலைவிதியைச் சொல்வாள். நாங்கள் மாலை போட்ட கேரவனோடு அடுத்த தோட்டத்துக்குப் போயிருப்போம். பதுளை டவுனில் வக்கீல் வீட்டுப் பிள்ளைக்கு இந்த மருந்தை ஊற்றுவாரா அந்த மனிதர்? கேட்டேன். வாய்விட்டே கேட்டேன். “உன் வேலை வண்டி ஓட்டுறது” என்றார்.

பயணத்தை நிறுத்தவும் முடியாது என்றார். துரை தாய்மாருக்கு நேரம் கொடுத்திருக்கிறார். வெளிநாட்டுத் தம்பதி காரில் முன்னால் பங்களாவுக்குப் போய்விட்டார்கள். அங்கே தேநீர் குடித்துவிட்டு, பிள்ளைகளின் வாயில் சொட்டு விழுவதைப் படம் பிடிக்க மடுவத்துக்கு இறங்கி வருவார்கள். மிஸி யோசித்தார். “போவோம் அண்ணே. எடை பார்க்கணும், புண்ணுக்கு மருந்து கட்டணும். அந்தப் போத்தல மட்டும் நான் திறக்க மாட்டேன்” என்றார். செயலாளரும் ஜீப்பில் ஏறிக்கொண்டார். நாங்கள் அவர் கண்ணில் படாமல் எதையாவது செய்துவிடுவோம் என்று பயம் போல.

பெரகல சந்தியில் வண்டியை நிறுத்தச் சொன்னார். கீழே கடல் பக்கமிருந்து மீன் லொறிகள் ஐஸ் பெட்டியோடு ஏறி வரும் வழி அது. அங்கே மீன் விற்கும் முஸ்லிம் நானா ஒருவர் எனக்குப் பழக்கம். “ஒரு வாளி ஐஸ் வாங்கி மருந்துப் பெட்டியில போடு. அவங்க தொட்டுப் பார்த்தா ஜில்லுன்னு இருக்கணும்” என்றார் செயலாளர்.

வாளியோடு போனேன். நானா தராசைத் துடைத்துக்கொண்டு, “என்ன மாஸ்டர், ஆஸ்பத்திரியில மீன் வியாபாரமா?” என்றார். விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. ஐஸ் பெட்டியின் சாக்கை விலக்கினார்.

“ஐஸ் எவ்வளவு வேணும்னாலும் எடுங்க, மாஸ்டர். நாறுன மீன நான் ஐஸ்ல போட்டா நாத்தம் நிக்கும். மீன் எழும்பி நீந்தாது. ஆனா என்ன, என்கிட்ட வாங்குறவன் செவுளத் தூக்கிப் பாத்துத்தான் வாங்குவான். உங்ககிட்ட வாங்குறவ எதத் தூக்கிப் பாப்பா?”

வாளியை வெறுமையாகவே கொண்டு திரும்பினேன்.

“ஐஸ் இல்லையா?”

“இருக்கு சேர். நான் வாங்கல.”

“உனக்கு வேலை வேணுமா, வேணாமா?”

வேண்டும்தான். வீட்டில் நான்கு வாய் இருந்தது. ஆனாலும் வெறும் வாளியை ஜீப்பின் பின்னால் வைத்தேன். ஸ்டியரிங்கைப் பிடித்து வண்டியை எடுத்தேன். இப்படியொரு நேரம் உங்களுக்கும் வரும். யோசிக்க அவகாசம் தரமாட்டார்கள். வாளியைக் கையில் கொடுத்துவிட்டு, போ என்பார்கள். பெரிய விஷயமாகவே தெரியாது. ஒரு வாளி ஐஸ், அவ்வளவுதான். அந்த நேரத்தில் நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இதைச் செய்தால் யாரால் இதைச் சோதித்துப் பார்க்க முடியாமல் போகும்? சோதித்துப் பார்க்க முடியாதவன் தலையில்தான் எல்லாம் விடியும்.

மடுவத்துக்குத் தாய்மார் எல்லோரும் ஒரேயடியாக வரமுடியாது. மலையில் வேலை நின்றுவிடும் என்று துரை அதற்கு அனுமதி கொடுக்கவில்லை. கங்காணி நிரை நிரையாகப் பிரித்து அனுப்புவார். முதல் நிரையில் வந்தவர்கள் கூடையோடு ஓடி வந்திருந்தார்கள். போகும் நேரத்துக்குக் கொழுந்து குறையும், குறைந்தால் அன்றைய பெயர் அரையாகிவிடும், பாதிச் சம்பளம்தான். அதைத் தெரிந்துகொண்டே வந்தார்கள். முன்னுக்கு நின்றவள் பாக்கியம். அவள் நாத்தனார் பிள்ளை ஒருவனுக்குப் போலியோவில் கால் சூம்பிவிட்டது. அவனைப் பள்ளிக்கூடத்துக்கு முதுகில் தூக்கிக்கொண்டு போகிறவளே இவள்தான். வந்ததும் வராததுமாகக் குழந்தையின் வாயைத் துடைத்து, “முதல்ல இவனுக்கு ஊத்துங்க மிஸி, நேத்தே பால் கூடக் கம்மியாத்தான் குடுத்தேன், மருந்து நல்லா ஏறட்டும்னு” என்றாள்.

செயலாளர் ரோட்டைப் பார்த்தார். பங்களாவிலிருந்து கார் இன்னும் புறப்படவில்லை. “ஊத்து மிஸி” என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. “ரெண்டு பேருக்காவது ஊத்து. படம் எடுத்துட்டுப் போகட்டும்.”

மிஸி மருந்துப் பெட்டியை மடியில் வைத்து, மூடியின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டார். பிறகு பெண்களைப் பார்த்துப் பேசினார். ஒரு சொல்லையும் சுற்றி வளைக்கவில்லை.

“அக்காமாரே, இந்த மருந்து பதுளையில எங்க வண்டியில கரண்ட் இல்லாம சூடாயிருச்சு. இத ஊத்துனா உங்க புள்ளைக்குப் பாதுகாப்புன்னு நான் சொல்ல முடியாது. அதனால இன்னைக்கு ஊத்த மாட்டேன். புது மருந்து வாங்கிட்டு அடுத்த கிழமை வாரேன்.”

ஒரு பெண், “அடுத்த கிழமை தொர விடுவாரா?” என்றாள். இன்னொருத்தி கூடையைத் தூக்கி, “இதுக்கா ஓடியாந்தோம்?” என்றாள். நியாயம்தானே? அவர்கள் ஓடி வந்த ஓட்டத்துக்கு யார் பதில் சொல்வது? எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

செயலாளர் கையைத் தட்டினார். சிரித்துக்கொண்டார் கூட. “சரி சரி, ஒண்ணும் இல்ல. நீங்க மலைக்குப் போங்க. மத்தவங்களுக்கு மெஷின் கோளாறுன்னு கங்காணி சொல்லிருவாரு. இதப் பெருசாப் பேசிக்கிட்டு இருக்காதீங்க.”

அப்போதுதான் பாக்கியம் மிஸியிடம் திரும்பி, சொல்லாமலே ஊத்தி அனுப்பியிருக்கலாமே என்று கேட்டாள்.

 “எனக்குத் தெரியுமே அக்கா” என்றார் மிஸி.

அவள் ஏசவில்லை, எங்களில் யாரை நம்பலாம் என்றுதான் கேட்டாள் என்று அப்போது எனக்கு விளங்கியது. பாக்கியம் செயலாளர் பக்கம் திரும்பினாள். இடுப்பிலிருந்த குழந்தையை எடுத்து, கோட்டும் டையுமாக நின்ற அந்த மனிதரின் இரண்டு கையிலும் வைத்தாள். அவர் பிடிக்காமல் இருக்க முடியாது. பிடிக்காவிட்டால் பிள்ளை விழும்.

“புடிங்க ஐயா. தலையத் தாங்கிப் புடிங்க. மலையில இருக்க எல்லாத்தையும் கூட்டிட்டு வாரேன். மெஷின் கோளாறா, வேற என்னா கோளாறுன்னு அவங்களுக்கும் ஒங்க வாயாலயே சொல்லுங்க. நான் வாற வரைக்கும் ஆஸ்பத்திரி வீடு இங்கதான் நிக்கணும்.”

“ஏய், இந்தாம்மா... ஏய்!”

பங்களாப் பக்கம் கார் புறப்படும் சத்தம் கேட்டது. குழந்தை வீரிட்டு அழ ஆரம்பித்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கூடைக் கயிற்றை இறுக்கிக்கொண்டு, தேயிலைச் செடிகளுக்கு நடுவே, ஒவ்வொருத்தியாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே மலைக்கு ஏறினாள்.